அனுமதி வாங்காத நான்கு பக்கங்கள்

“பயமா இருக்கும்மா,” என்றார் இரத்தினவேலு.

“எதுக்கு?” என்று கேட்டார் அரசியம்மா.

“வேலைய விடறதுக்கு.”

“அப்போ விடாதீங்க.”

“விடாம இருக்கறதுக்கும் பயமா இருக்கு.”

அரசியம்மா ஒரு முறத்தை அவர் பக்கம் தள்ளினார். முறம் நிறைய மொச்சைக்காய்.

“உரிச்சுக்கிட்டே பயப்படுங்க,” என்றார்.

இரத்தினவேலுவுக்கு வயது ஐம்பத்திரண்டு. குரு என்றால் குறைந்தது ஒரு தாடியாவது இருக்கும் என்று எதிர்பார்த்து, பாலாற்றங்கரையில் இருந்த இந்த ஓட்டு வீட்டுக்கு வந்திருந்தார். குருவோ அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். நைலான் சேலை கட்டியிருந்தார், தலைமுடியை ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் அடக்கியிருந்தார்.

வருகிறவர்களில் சிலருக்கு அரசியம்மா பதில் சொல்வார். மற்றவர்களுக்கு வேலை கொடுப்பார். யாருக்குப் பதில் கிடைத்தது என்று போனவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இரத்தினவேலு உரிக்க ஆரம்பித்தார். மூன்றாவது காயிலேயே நகம் வலித்தது.

“என்ன வேலை?”

“ஒரு ரசாயனக் கம்பெனியில தகவல் தொடர்புத் துறைக்குத் தலைவர்மா. இருபத்தாறு வருஷம்.”

“அப்படின்னா?”

“சேர்மன் மேடையில பேசினா, அது நான் எழுதினது. சேர்மன் வருத்தம் தெரிவிச்சா, அதுவும் நான் எழுதினது. அவரோட அம்மா செத்தப்போ கண்கலங்கி நாலு வார்த்தை பேசினாரு…”

“அதுவுமா?”

“அதுவுந்தான்.”

அரசியம்மா உரித்த தோலை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

“வேலைய விட்டு என்ன செய்யப் போறீங்க?”

“எழுதப் போறேன். என் பேர்ல. பத்திரிகைக்கு, புத்தகமா, யார் கேட்டாலும்.” அதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. “திங்கட்கிழமை காலையில பத்து மணிக்குள்ள முடிவு சொல்லணும். மும்பை தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போட்டா அஞ்சு வருஷம் விலக முடியாது. இல்லேன்னா ராஜினாமாக் கடிதம் குடுக்கணும்.”

“இன்னிக்கு?”

“சனி.”

“கடிதம் எழுதியாச்சா?”

“ஏழு தடவை எழுதியாச்சு.”

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரே பக்கம். ஆனால் ஓரமெல்லாம் சிவப்பு, நீலம், பச்சை.

“இதென்ன கலர் கலரா?”

“சிவப்பு என் துணை அதிகாரி திருத்தினது. நீலம் சட்டப் பிரிவுல இருக்கற நண்பர். பச்சை என் மச்சான். பேங்க்ல மேனேஜரா இருந்தவரு.”

“வேலைய விடறதுக்கு மூணு பேரு திருத்தினாங்களா?”

“எங்க வழக்கம்மா. நாலு பேர் பார்க்காம ஒரு வரி வெளியில போகாது.”

“இதுல நீங்க எழுதின வரி எது?”

இரத்தினவேலு கடிதத்தைக் கையில் வாங்கினார். மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி மேலிருந்து பார்த்தார்.

“தேதி,” என்றார்.

அரசியம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“பயம்னு சொன்னீங்களே. என்ன பயம்?”

இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். பையிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்தார். அதை எடுத்ததும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

“எங்க துறையில தயார் அறிக்கைன்னு ஒண்ணு உண்டும்மா. ஆலையில எப்ப என்ன நடக்கும்னு சொல்ல முடியாது. தீ பிடிக்கலாம், வாயு கசியலாம், சுவர் இடியலாம். நடந்த இருபது நிமிஷத்துக்குள்ள அறிக்கை வெளியிடணும். அதனால முன்னாடியே எழுதி வச்சிருப்போம். தேதி, இடம், எத்தனை பேருன்னு மட்டும் கோடு போட்டுக் காலியா விட்டிருப்போம்.”

“எத்தனை பேருன்னா, காயம் பட்டவங்களா?”

“காயம், இல்லேன்னா அதுக்கு மேல.”

“எப்படி ஆரம்பிப்பீங்க?”

“‘ஆழ்ந்த வேதனையுடன்’னு.”

“வேதனைய முன்னாடியே எழுதி வச்சிருவீங்களா?”

“இருபது நிமிஷத்துல அத எழுத முடியாதும்மா.”

முறத்திலிருந்து ஒரு மொச்சை உருண்டு மண்ணில் விழுந்தது. அரசியம்மா எடுத்து ஊதி முறத்திலேயே போட்டார்.

“இந்த ஃபைல்ல இருக்கறது ஆலைக்கா?”

“இல்ல. எனக்கு,” என்றார் இரத்தினவேலு. “வேலைய விட்டா எனக்கு என்னென்ன ஆகலாமோ எல்லாத்துக்கும் எழுதி வச்சிருக்கேன். மொத்தம் இருபத்திமூணு.”

“படிங்க.”

அவர் படித்தார்.

“‘எனது முதல் புத்தகம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை என்பதை, கோடு, ஆம் தேதி அறிந்தேன். வாசகர்களின் கருத்தை மதிக்கிறேன்.’”

“அடுத்தது?”

“கல்யாண வீட்டுல, ‘இப்ப என்ன பண்றீங்க’ன்னு உறவுக்காரங்க கேட்டா சொல்றதுக்கு. பெரியவங்களுக்கு ஒண்ணு, சின்னவங்களுக்கு ஒண்ணு. சகலைக்கு மட்டும் தனியா ஒண்ணு.”

“சகலை அவ்வளவு பொல்லாதவரா?”

“ரொம்பம்மா.”

அடுத்து நெஞ்சு வலி வந்தால் என்ன சொல்வது என்று ஒன்று இருந்தது. பத்திரிகைகள் பதிலே போடாவிட்டால் என்று ஒன்று. பழைய அலுவலகத்து ஆட்கள் கடைத்தெருவில் எதிரே வந்தால் என்று ஒன்று. எல்லாம் நல்ல தமிழில், பிசிறில்லாமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று காலிக் கோடுகள்.

இருபத்திமூன்றாவதில் தலைப்பு மட்டும் இருந்தது. ‘எனக்குச் சொந்தமாக எழுத வராது என்று தெரிந்துவிட்டால்.’

கீழே ஒன்றும் இல்லை.

“இது?”

“எழுத முடியலம்மா. மத்ததெல்லாம் ஒரே நாள்ல எழுதிட்டேன். இதுக்கு உட்கார்ந்தா வயித்தப் பிசையுது. கை சில்லுனு ஆயிடுது.” அவர் மொச்சைக்காயைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இருபத்தாறு வருஷமா யாரோ பேசறதுக்கு எழுதியிருக்கேன். அவங்க இல்லேன்னா உள்ள ஒண்ணுமே இல்லேன்னா என்னம்மா பண்றது? அதுதான் பயம். சகலையெல்லாம் சும்மா.”

சொன்னபிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது.

அரசியம்மா ஃபைலை வாங்கினார். ஒவ்வொரு தாளாக எடுத்தார். கோடு இருந்த தாளை இடது பக்கம் வைத்தார். அடுத்ததையும் இடது பக்கம். அப்படியே எல்லாம், தலைப்பு மட்டும் இருந்த தாளும்கூட, இடது பக்கம் போயின.

ஃபைலின் அடியில், உறைக்குள், நாலாக மடித்த தாள்கள் இருந்தன. கையால் எழுதியவை. இரத்தினவேலு கையை நீட்டினார்.

“அது ஒண்ணும் இல்லம்மா. பழசு.”

அரசியம்மா அதற்குள் பிரித்துவிட்டார். நான்கு பக்கங்கள். ஒரு கோடு இல்லை.

வலது பக்கம் வைத்தார்.

“மரியசூசைன்னு போட்டிருக்கே. யாரு?”

இரத்தினவேலு நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆறு வருஷம் முன்னாடி எங்க ஆலையில வால்வு அறையில வாயு கசிஞ்சுது. தயாரா இருந்த அறிக்கைய எடுத்தோம். எத்தனை பேருங்கற கோட்டுல ‘ஒருவர்’னு எழுதினேன். பதினேழு நிமிஷத்துல வெளியிட்டோம். அந்த வேகத்துக்கு ஒரு விருதுகூட குடுத்தாங்க.”

“அந்த ஒருவர் இவரா?”

“ஆமாம்மா. அங்கயே செத்துட்டாரு. அறிக்கைய ஆலை கேட்லயும் ஒட்டியிருந்தோம். அவர் சம்சாரம் அதப் படிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் பக்கத்துல நின்னேன். ‘ஒரு தொழிலாளின்னு இருக்கே சார், அவரு பேரு எங்க’ன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“‘மேலேருந்து அனுமதி வரணும்மா’ன்னேன்.”

“வந்துச்சா?”

“நான் கேட்கவே இல்ல.”

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அந்த வாரம் அவர் கூட வேலை பார்த்தவங்ககிட்ட எல்லாம் போய்க் கேட்டேன். கேட்டத எழுதினேன். நாலு பக்கம் வந்துச்சு. யார்கிட்டயும் காட்டல.”

“ஏன்?”

“அனுமதி வாங்கலையே.”

“இதுக்கு யாரு அனுமதி குடுக்கணும்?”

இரத்தினவேலு பழக்கத்தில் விரலை மடக்கினார். “சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு, மனிதவளம், ஆலை மேலாளர், கடைசியா சேர்மன்.”

“இவங்கள்ல யாருக்கு மரியசூசையத் தெரியும்?”

மடக்கிய விரல்கள் அப்படியே நின்றன.

“தெரிஞ்சவங்க யாரு?”

“அவர் சம்சாரம்,” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.  “வேண்டாம்மா. அவங்க திட்டினா? ஆறு வருஷம் கழிச்சு எதுக்குடா வந்தேன்னு கேட்டா? அழுதுட்டா?”

“அதுக்கெல்லாம் அறிக்கை எழுதி வச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்போ போயிட்டு வாங்க.”

அவர் நான்கு பக்கங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஃபைலை எடுக்கக் குனிந்தார். அரசியம்மா அதன்மேல் கையை வைத்தார்.

“இது இங்கயே இருக்கட்டும். இதுல எழுதியிருக்கறது ஏதாச்சும் நடந்தா, வந்து எடுத்துக்குங்க.”

“அம்மா, அதுதான் என் தைரியமே.”

“பத்திரமா வச்சிருப்பேன்,” என்றார் அரசியம்மா. “முறத்துல இன்னும் பாதி இருக்கு பாருங்க.”

மறுநாள் மரியசூசையின் ஊருக்கு அவரே காரை ஓட்டிக்கொண்டு போனார். வழியில் இரண்டு இடத்தில் திரும்பிவிடலாம் என்று ஓரம் கட்டினார். ஒரு இடத்தில் இளநீர் குடித்தார். தாகத்துக்காக இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்றுதான்.

போனதும் என்ன சொல்வது என்று காரிலேயே யோசித்தார். ‘தங்கள் கணவரின் மறைவு’ என்று ஆரம்பித்தார். அதை விட்டார். ‘நீண்ட நாட்களுக்குப் பிறகு’ என்று ஆரம்பித்தார். அதையும் விட்டார். ஊர் வந்துவிட்டது.

மரியசூசையின் மனைவி ஜெசிந்தாவின் வீடு சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வாசலில் அரிவாள்மனை போட்டு மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

“வணக்கம்மா. நான்…”

“தெரியும். கேட்ல நின்னீங்க.”

இரத்தினவேலு நின்றுகொண்டே இருந்தார். 

ஜெசிந்தா மீனிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

“அனுமதி வந்துருச்சா, சார்?”

ஆறு வருஷம். அந்த அம்மாள் அந்தக் கேள்வியை எங்கேயும் தொலைக்கவில்லை.

அழுதால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அழுகையும் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்தார். பிரித்து நீட்டினார்.

“அத உங்ககிட்டதான் கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

ஜெசிந்தா எழுந்தார். மீன் சட்டியைத் தட்டு போட்டு மூடினார், பூனைக்காக அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டுவிட்டு, தான் படியில் உட்கார்ந்தார்.

“படிங்க. எனக்குக் கண்ணாடி உடைஞ்சு போச்சு.”

அவர் படித்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுதியதையெல்லாம் வேறு யாரோதான் படித்திருக்கிறார்கள். தன் எழுத்தைத் தன் வாயால் படிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் பக்கத்தில் பாதியை முழுங்கிவிட்டார்.

“மெதுவாப் படிங்க சார். நான் எங்கயும் போகல.”

மெதுவாகப் படித்தார். மரியசூசை சாப்பாட்டு டப்பாவில் தனியாக ஒரு கிண்ணி எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து எல்லாருக்கும் தொட்டுக்கொள்ள வைப்பார் என்று இருந்தது. வால்வு அறையில் நான்கு பெரிய வால்வுகள். நான்குக்கும் தன் தங்கைகளின் பெயரை வைத்திருந்தார். ‘புஷ்பா இன்னிக்குக் கொஞ்சம் சூடா இருக்கா’ என்று அவர் சொன்னால் மற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள் என்று இருந்தது.

ஜெசிந்தா சிரித்துவிட்டார். “தங்கச்சி மூணுதான் சார். நாலாவது என் மாமியாரு.”

அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டார். ஏனோ அந்தக் குறிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது பக்கத்துக்கு வந்தார்.

“‘பயம் என்பதையே அறியாதவர் மரியசூசை. ஒவ்வொரு நாளும்…’”

“நிறுத்துங்க.”

நிறுத்தினார்.

“இத யாரு சொன்னாங்க?”

“யாரும்…” அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். “யாரும் சொல்லலம்மா. எழுதும்போது தானா வந்துச்சு.”

“தப்பு சார்.” ஜெசிந்தாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. “அவர மாதிரி பயந்த ஆள நான் பாத்ததே இல்ல. டெய்லி ஷிஃப்டுக்குக் கிளம்பி, இந்தா இந்தப் படியில உக்காந்து ஷூ மாட்டுவாரு. நாடாவக் கட்டுவாரு. எந்திரிப்பாரு. மறுபடி உக்காந்து, நல்லாக் கட்டியிருக்கற நாடாவ அவுத்து, திரும்பக் கட்டுவாரு. ஏன்யா இப்படிப் பண்றேன்னு கேட்டா, ‘பயமா இருக்குடி, கொஞ்ச நேரம் ஆகட்டும்’பாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் போயிருவாரு.”

“தினமுமா?”

“இருபத்திரெண்டு வருஷம்.”

இரத்தினவேலு தாளைப் பார்த்தார். அவர் எழுத்தை இதுவரை எத்தனையோ பேர் திருத்தியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் ஆபத்து வருமா என்று பார்த்துத் திருத்தினார்கள். இது நடந்ததா என்று பார்த்து ஒருவரும் திருத்தியதில்லை.

“அந்த வரிய அடிச்சிருங்க,” என்றார் ஜெசிந்தா.

அடித்தார்.

“இப்ப எழுதுங்க.”

“என்னம்மா எழுத?”

“நான் சொன்னனே, அதத்தான்.”

பேனா தாளில் நின்றது. வயிற்றைப் பிசைந்தது. இருபத்திமூன்றாவது தாளுக்கு உட்கார்ந்தபோது பிசைந்த அதே இடம். கை சில்லென்று ஆனது.

“கை நடுங்குதா?”

“ஆமாம்மா.”

“பரவால்ல, எழுதுங்க. எழுத்து கோணலா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

எழுதினார். கோணலாகத்தான் வந்தது. அந்தப் படி வந்தது, நாடா வந்தது, மரியசூசை சொன்ன வார்த்தை அப்படியே வந்தது. ஐந்து வரிகள். எழுதி முடித்து, கேட்காமலே படித்துக் காட்டினார். இந்த முறை முழுங்கவில்லை.

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.  பூனை வந்து சட்டியைச் சுற்றிவிட்டுப் போனது.

“இதான் அவரு,” என்றார் கடைசியில். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கீழ உங்க பேரு இருக்கா?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“போட்டுப் பழக்கம் இல்ல.”

“போடுங்க. நாளைக்கு யாராவது, இத யாரு எழுதினான்னு கேட்டா நான் சொல்லணும்ல.”

போட்டார். கையெழுத்தைவிடப் பெரிதாக, முழுப் பெயராக. பள்ளிக்கூடத்து நோட்டின் அட்டையில் எழுதுவது போல எழுதினார்.

ஜெசிந்தா தாள்களை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து அரிவாள்மனையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

“இருங்க சார். சாப்பிட்டுப் போவீங்க.”

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

இரத்தினவேலு அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். மும்பை ஒப்பந்தம் கையெழுத்துப் போடாமல் வீட்டு மேஜைமேல் கிடந்தது. சட்டைப்பையில் ஒரே ஒரு தாள், ராஜினாமாக் கடிதம். காலையில் எழுந்து கையால் எழுதியது, இரண்டே வரி. யாரும் பார்க்கவில்லை. மனைவி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, காபியை வைத்துவிட்டுப் போனார்.

 ஃபைல் பாலாற்றங்கரையில் இருந்தது. சகலைக்கு என்ன பதில் எழுதியிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

மூன்று படி ஏறினார். நின்றார். இரண்டு படி இறங்கினார்.

பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ஷூவின் நாடாவை அவிழ்த்தார்.

வாசலில் இருந்த காவலாளி பதறிப்போய் ஓடி வந்தார். அந்தப் படியில் எந்த அதிகாரியும் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“என்ன சார், நாடா அவுந்துருச்சா?”

“இல்லப்பா. நல்லாத்தான் கட்டியிருந்துச்சு,” என்றார் இரத்தினவேலு. “பயமா இருக்கு. கொஞ்ச நேரம் ஆகட்டும்.”

நிதானமாகக் கட்டினார். எழுந்தார்.

உள்ளே போனார்.